ஒலிப் பின்னூட்டமும் பல சேனல் ஒலியும்: நிறுவல் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மைக்கையும் ஸ்பீக்கரையும் எதிரெதிரே வைத்து, அவற்றுக்கு நடுவே எழும் ஒலியைக் கொண்டே ஒலி நிறுவல்கள் (ஓர் இடத்தில் அமைத்துவைத்து, வருபவர்களைக் கேட்க வைக்கும் கலைப்படைப்புகள்) செய்துவருகிறேன். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் என்று தொடங்கி இப்போது எட்டு சேனலில், அதாவது எட்டுத் தனித்தனி ஒலிவழிகளில், நிற்கிறேன். கேட்க வந்தவர்களும், தாங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களும் என்னிடம் கேட்டவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நீளமாகச் சொன்னால்தான் புரியும்.

ஃபீட்பேக் (பின்னூட்டம்) என்றால் மைக் கூவுவதுதானே? எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பதை நீங்கள் ஏன் தேடிப் போகிறீர்கள்?

ஆமாம், அதேதான். மைக் கேட்டதை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவதை அதே மைக் மறுபடி கேட்கிறது. சுற்றிவரும் ஒவ்வொரு தடவையும் ஒலி கொஞ்சமாவது கூடினால் போதும், அறையில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய இரைச்சலிலிருந்தே ஒரு சுருதி முளைத்து எழும்பிவிடும். இதை ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் சோரன் அப்சலோன் லார்சன் பெயரால் இதற்கு லார்சன் விளைவு என்றும் பெயர் உண்டு.

மேடையில் அது தொல்லை. அங்கே கேட்க வேண்டியது பாடுபவரின் குரல். நிறுவலில் பாடுபவர் யாரும் இல்லை, அறைதான் இருக்கிறது. எந்தச் சுருதி எழும்பும் என்பதில் சுவர், தரை, கூரையின் உயரம், திரைச்சீலை, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. பதிவு செய்த ஒலிக்கோப்பை எந்த அறையில் ஓடவிட்டாலும் அடையாளம் தெரியும். ஃபீட்பேக்கை இன்னொரு அறைக்குக் கொண்டுபோனால் படைப்பே வேறாகிவிடும். அறையைக் கேட்க வைப்பதற்கு இதைவிட நேரான வழியை நான் கண்டதில்லை, அதனால்தான் இதைத் தேடிப் போகிறேன்.

எந்தச் சுருதியில் கூவும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இரண்டு நிபந்தனைகள் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒன்று, அந்த அதிர்வெண்ணில் சுற்று முழுவதற்குமான கெயின் (ஒலி எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு) குறைந்தது 1 ஆக இருக்க வேண்டும். இரண்டு, ஒரு சுற்று முடித்து வரும் அலை, கிளம்பிய அலையோடு மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்றையொன்று தேய்த்துவிடும்.

20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 1 மீட்டர் என்றால், சுற்றுக்கு 2.9 மில்லி வினாடி. அப்படியானால் 343 ஹெர்ட்ஸ், 686, 1029 என்று 343 இன் மடங்குகளில் அலைகள் பொருந்தும். 2 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் இடைவெளி பாதியாகிறது: 171.5 ஹெர்ட்ஸுக்கு ஒன்று. தள்ளி வைக்க வைக்க ஒலிக்குக் கிடைக்கும் படிகள் நெருக்கமாகின்றன.

இது வெட்டவெளிக்கான கணக்கு. அறைக்குள் சுவர்களிலிருந்து திரும்பி வரும் அலைகளும் சேர்ந்துகொள்ளும். அறைக்கென்று சொந்த அதிர்வுகள் இருக்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 5 மீட்டர் என்றால் மிகத் தாழ்ந்த சொந்த அதிர்வு 34 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், அதன் மடங்குகள் மேலே போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கலந்தால் மேலே போகப் போக எண்ண முடியாத அளவுக்கு நெரிசல். இதோடு ஸ்பீக்கரும் மைக்கும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. எனவே கணக்கு போட்டுத் திசை தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மைக்கைக் கையில் எடுத்து ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். கணக்கு சொல்லாத நாலு சுருதிகள் அந்த ஒரு சாணுக்குள் இருக்கும்.

இதை இசையாகவோ கலையாகவோ இதற்கு முன் செய்தவர்கள் யார்?

நிறையப் பேர். இந்த வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள சிலரை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டீவ் ரைக் 1968இல் எழுதிய பெண்டுலம் மியூசிக்கில், மேல்நோக்கிப் படுத்திருக்கும் ஸ்பீக்கர்களுக்கு மேலே மைக்குகள் கயிற்றில் தொங்குகின்றன. அவற்றை இழுத்து ஆடவிடுகிறார்கள். ஸ்பீக்கருக்கு நேர்மேலே கடக்கும்போதெல்லாம் கூவல் வருகிறது. ஆட்டம் ஓய்ந்து எல்லா மைக்கும் நின்றபிறகு தொடர்ந்து ஒரே கூவல், அதோடு ஆம்ப்பைப் பிடுங்கி முடிக்கிறார்கள். தூரம் மட்டுமே இசையாவதை இவ்வளவு எளிதாகக் காட்டும் படைப்பு வேறில்லை. கையில் இரண்டு மைக் இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

ஆல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, அதை அதே அறையில் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்து, அப்படியே திரும்பத் திரும்பச் செய்தார். சில சுற்றுகளில் பேச்சு கரைந்து அறையின் சொந்த அதிர்வுகள் மட்டும் மிஞ்சின. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கவில்லை என்பதால் இதை ஃபீட்பேக் என்று சிலர் சேர்க்க மாட்டார்கள். என் கணக்கில் இது மிக மெதுவாக ஓடும் ஃபீட்பேக்.

எலியான் ராடிக் 1960களின் கடைசியில் டேப் ரெக்கார்டர்களோடு ஃபீட்பேக்கை மிக நிதானமாக, கத்தியின் விளிம்பில் நிறுத்தி வேலை செய்தார். நிக்கோலஸ் காலின்ஸ் 1974இல் பீ சூப் என்ற படைப்பில், ஒரு சுருதி ஓங்கியவுடன் சுற்றின் ஃபேஸை, அதாவது அலையின் மேடு பள்ளம் வந்து சேரும் நிலையை, தள்ளிவிட்டு, ஒலி வேறு சுருதிக்குத் தாவும்படி செய்தார். அகோஸ்டினோ டி ஷிப்பியோ 2000களின் தொடக்கத்திலிருந்து, கணினி அறையைக் கேட்டு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் படைப்புகளைச் செய்துவருகிறார்.

பல சேனல் பக்கம் பார்த்தால், 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியின் பிலிப்ஸ் அரங்கில் 300க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்கள் இருந்தன. 1970 ஒசாகா கண்காட்சியில் பெப்சி அரங்கின் கண்ணாடிக் குவிமாடத்தில் 37 ஸ்பீக்கர்கள். அந்த அரங்கில் டேவிட் டியூடர் மைக்குகளை வைத்து ஃபீட்பேக் எழுப்பியதிலிருந்துதான் அவருடைய மைக்ரோஃபோன் என்ற படைப்பு பிறந்தது. நீங்கள் கேட்கும் இரண்டு விஷயமும், அதாவது பின்னூட்டமும் பல சேனலும், அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

தொடங்க என்ன வேண்டும்?

கொஞ்சம்தான். ஒரு மைக், சின்ன மிக்ஸர், ஒரு ஸ்பீக்கர். மிக்ஸரில் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் நல்லது. பாடகர்கள் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் போதும். அது ஒரு பக்கமாகக் கேட்கும், திருப்பினாலே ஒலி மாறும், கையாளப் பழக எளிது. எல்லாத் திசையும் கேட்கும் கண்டென்சர் மைக் அறையை முழுசாகக் கொண்டுவரும். அதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் கணினியைத் தொடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் நகர்த்தி, கூவல் தொடங்கும் புள்ளி எங்கே இருக்கிறது, அதற்கு ஒரு மயிரிழை கீழே என்ன கேட்கிறது என்று பழகுங்கள். அந்தப் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள், கை தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வால் முளைக்கும். கூவாத ஃபீட்பேக் அது. என் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் நடக்கின்றன.

காது போய்விடாதா?

கவனமில்லாவிட்டால் போகும். விளையாட்டான விஷயமில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் தரும் வரம்பு: 85 டெசிபலில் 8 மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். ஃபீட்பேக்கில் சத்தம் முழுவதும் ஒரே சுருதியில் குவிந்திருக்கும், அதிலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மனிதக் காது மிகவும் கூர்மை. அதனால் நான் சோதனை நேரத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன், ஆம்ப்பின் வால்யூமை எப்போதும் கீழிருந்தே ஏற்றுகிறேன், எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்கும் ஸ்விட்ச்சைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஃபீட்பேக் சோதனை செய்யாதீர்கள், ஒருபோதும்.

ஸ்பீக்கருக்கும் ஆபத்து உண்டு. இசையில் உச்சம் வந்து போகும், சராசரி கீழேதான் இருக்கும். தொடர்ந்து ஒலிக்கும் ஒற்றைச் சுருதிக்கு ஓய்வே இல்லை. உயர்ந்த சுருதியில் சில நொடி கூவினாலே ட்வீட்டரின் (பெட்டிக்குள் உயர் சுருதிக்கென்று இருக்கும் சிறு ஸ்பீக்கர்) சுருள் சூடாகி எரிந்துவிடலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு மொத்தப் பெட்டிக்கானது. அதில் ட்வீட்டர் தாங்குவது சிறு பங்கு.

சுற்று ஓடத் தொடங்கியதும் ஒரே நொடியில் அலறலாகிவிடுகிறது. எப்படி நிறுத்தி வைப்பது?

இதுதான் எல்லோருக்கும் முட்டும் இடம், எனக்கும் முட்டியது. ஏன் அவ்வளவு வேகம் என்று முதலில் பாருங்கள். சுற்றுக்கு 3 மில்லி வினாடி என்றால் நொடிக்கு 333 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வெறும் 0.1 டெசிபல் கூடினாலும் நொடிக்கு 33 டெசிபல் ஏறிவிடும். கை நகர்வதற்குள் முடிந்துவிடும். அதே 0.1 டெசிபலை 1 நொடி தாமதம் உள்ள சுற்றில் வைத்தால், 33 டெசிபல் ஏற ஐந்தரை நிமிடம் ஆகும். ஆக, தாமதம் நீண்டால் நிதானம் கிடைக்கிறது. ஆனால் ஒலியின் குணமும் மாறுகிறது: குட்டைச் சுற்றில் சுருதி கேட்கும், நீண்ட சுற்றில் எதிரொலி அடுக்கடுக்காகச் சேர்வது கேட்கும்.

அடுத்து, சுற்றுக்குள் ஒரு கடிவாளம் வேண்டும். லிமிட்டரைப் பலர் பாதுகாப்புக்கான கருவியாக மட்டும் பார்க்கிறார்கள். ஃபீட்பேக் நிறுவலில் அதுதான் இசையமைக்கும் இடம். ஒலி ஏறியதும் கெயினைக் குறை, ஒலி அடங்கியதும் மெல்லத் திரும்ப ஏற்று, இதுதான் அதன் வேலை. திரும்ப ஏற்றும் நேரத்தை 50 மில்லி வினாடி வைத்தால் ஒலி நடுங்கும், பிசிறடிக்கும். 5 நொடி வைத்தால் அறை மூச்சு விடுவதுபோல் வந்து வந்து போகும். 30 நொடி வைத்தால் ஒரு சுருதி அடங்கி இன்னொன்று எழுவதற்கு நடுவில் முழு அமைதி கிடைக்கும். அந்த அமைதியில்தான் பார்வையாளர் தன் காலடிச் சத்தத்தைக் கேட்பார். நான் பெரும்பாலும் 8 முதல் 15 நொடிக்குள் வைக்கிறேன்.

மேலும் கீழும் ஃபில்டர் போட்டு வரம்பு கட்டுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டால் உறுமலும் கீச்சலும் போய், மனிதக் குரல் புழங்கும் இடம் மிஞ்சும்.

ஒரே சுருதியில் ஒலி மாட்டிக்கொள்கிறது என்றால் அதிர்வெண்ணைச் சிறிது தள்ளும் கருவியைச் சுற்றுக்குள் வையுங்கள். மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களில் சொன்ன உத்தி இது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலியை 5 ஹெர்ட்ஸ் போல நகர்த்தினால், அது அறையின் ஓர் அதிர்வில் காலூன்றி நிற்க முடியாது. அரங்குகளில் கூவலைத் தடுக்கக் கண்டுபிடித்தது, நமக்கு நேரெதிரான காரியத்துக்குப் பயன்படுகிறது: கெயினைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் ஒலி அறையின் அதிர்வு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் படியேறும். 0.5 ஹெர்ட்ஸ் மட்டும் தள்ளிப் பாருங்கள், அந்த ஏற்றம் மிக மெதுவாக நடக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒலிகளில் அது ஒன்று.

கணினி வழியாகச் சுற்றை ஓட்டினால் என்ன மாறும்? எந்த மென்பொருள்?

கணினி கொஞ்சம் காற்றைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் விகிதம் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது) 48,000, பஃபர் (ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256 என்றால் உள்ளே வர 5.3 மில்லி வினாடி, வெளியே போக இன்னொரு 5.3. மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேர்ந்து 12 அளவுக்கு வந்துவிடும். மைக்கை இன்னும் 4 மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். பஃபர் அளவை மாற்றினாலே சுருதி மாறும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கண்காட்சிக்கு முந்தைய நாள், கணினி திணறுகிறதே என்று பஃபரை 256இலிருந்து 512க்கு மாற்றினேன். மூன்று வாரம் செதுக்கிய ஒலி காணாமல் போயிற்று. அன்றிலிருந்து பஃபர், சாம்பிள் விகிதம் இரண்டையும் முதல் நாளே முடிவு செய்து நோட்டில் எழுதிவிடுகிறேன்.

மென்பொருள் என்றால் சூப்பர்கொலைடர், ப்யூர் டேட்டா, மேக்ஸ் மூன்றில் எது கைக்குப் பழகியதோ அது. முதல் இரண்டும் இலவசம். சூப்பர்கொலைடரில் பல சேனலை ஒரே வரியில் விரித்துவிடலாம். ப்யூர் டேட்டாவில் கம்பி இழுத்துப் பார்ப்பதால் சுற்று எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எத்தனை சேனல் இருந்தால் நல்லது?

நாலு. நாலில் செய்ய முடியாததை எட்டில் செய்ய முடியும் என்று நீங்களே உணரும்வரை நாலு. நிறைய இன்டர்ஃபேஸ்களில் எட்டு வெளியீடு இருக்கிறது என்பதற்காக எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. பல சேனலுக்கு நல்ல காரணம் இருந்தால் நாற்பதும் தகும்: ஜேனட் கார்டிஃப் 2001இல் நாற்பது குரல்களுக்கான கோரஸை ஒரு குரலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்று நாற்பதில் வைத்தார், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓர் ஆள்போல் நின்றது. அங்கே எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கிறது.

நாலு மைக், நாலு ஸ்பீக்கர். ஒவ்வொரு ஜோடியும் தனிச் சுற்றா, எல்லாம் கலந்ததா?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பல சேனல் ஃபீட்பேக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தனித்தனிச் சுற்று என்று நீங்கள் வரைபடத்தில் போட்டாலும் காற்றில் அப்படி இல்லை. முதல் ஸ்பீக்கரின் ஒலி நாலாவது மைக்குக்கும் போகும். நாலு மைக், நாலு ஸ்பீக்கர் என்றால் 16 வழிகள். எட்டுக்கு எட்டு என்றால் 64. ஒவ்வொரு வழியும் தனியாக அடக்கமாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்தால் எல்லையைத் தாண்டும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் 3 டெசிபல் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒலிப்பதிவு ஆட்கள் வைத்திருக்கும் கணக்கு இங்கும் பொருந்தும். அதனால் ஒரு ஜோடியை முழுசாகச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முறை உதவாது. நாலையும் தாழ்வாகத் திறந்து, ஒன்றாக ஏற்றுங்கள்.

நான் மிகவும் விரும்பும் அமைப்பு சக்கரம். முதல் மைக் கேட்பதை இரண்டாம் மைக்குக்கு அருகிலுள்ள ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். இரண்டாம் மைக் கேட்பது மூன்றாம் மைக்கின் அருகே போகட்டும். மூன்றாவது நாலாவதுக்கு, நாலாவது திரும்ப முதலாவதுக்கு. இப்போது ஒலி அறையைச் சுற்றி வந்தால்தான் சுற்று மூடுகிறது. ஒவ்வொரு மைக்குக்கும் அதன் பக்கத்து ஸ்பீக்கருக்கும் இடையே சுமார் 5 மீட்டர் வரும்படி, ஸ்பீக்கர்களைத் தள்ளி வைத்தால் மொத்தம் 20 மீட்டர் காற்று. கணினித் தாமதத்தை விட்டுவிட்டாலும் பொருந்தும் அதிர்வெண்கள் 17 ஹெர்ட்ஸுக்கு ஒன்று என்று நெருங்கிவிடுகின்றன. ஒற்றை ஜோடியில் நாலைந்து சுருதிகளுக்கு நடுவே தாவும் ஒலி, சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அதோடு, சக்கரத்தின் நாலு கண்ணிகளில், அதாவது ஸ்பீக்கர்-மைக் ஜோடிகளில், எதன் நடுவே ஒருவர் வந்து நின்றாலும் முழு அறையின் ஒலியும் மாறும், ஏனென்றால் நாலு கெயினும் ஒன்றோடொன்று பெருகித்தான் மொத்தம் வருகிறது. மூலையில் நிற்கும் ஒருவர், தான் மாற்றியதை எதிர் மூலையில் கேட்கிறார். இதற்காகத்தான் நான் இரண்டாவது மைக்கே வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. கடிவாளத்தை நாலு கண்ணியிலும் தனித்தனியாகப் போடுங்கள், ஆனால் திரும்ப ஏற்றும் நேரத்தை நாலிலும் ஒரே அளவாக வைக்காதீர்கள். ஒரே அளவாக இருந்தால் எல்லாம் சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்கும், சலிப்புத் தட்டும். 7, 9, 11, 13 நொடி என்று வேறுபடுத்திப் பாருங்கள்.

ஒலியை அறைக்குள் நகர்த்த வேண்டும். ஆம்பிசானிக்ஸ் போன்ற முறைகள் உதவுமா?

பதிவு செய்த ஒலிக்கு நன்றாகவே உதவும். மைக்கேல் கெர்சன் 1970களில் உருவாக்கிய, கேட்பவரைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒலியைப் பரப்பும் முறையான ஆம்பிசானிக்ஸில் முதல் நிலைக்கு 4 சேனல், மூன்றாம் நிலைக்கு 16 சேனல். வில்லே புல்க்கி 1997இல் வெளியிட்ட விபிஏபி முறை அருகருகே உள்ள இரண்டு மூன்று ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒலியை நிறுத்தும்.

ஃபீட்பேக்கில் இரண்டு சிக்கல் வரும். ஒலியை எந்த ஸ்பீக்கர் பக்கம் நகர்த்துகிறீர்களோ, அதன் அருகே மைக் இருந்தால் சுற்றின் கெயின் எகிறும். தூரம் போனால் ஒலி செத்துவிடும். அதாவது நகர்த்துவதே வால்யூமையும் சுருதியையும் மாற்றும். அதை ஏற்றுக்கொண்டு, நகர்வை மிக மெதுவாக, நிமிடக்கணக்கில் செய்தால் அழகாக இருக்கிறது.

இரண்டாவது, மாறாமல் நீளும் ஒற்றைச் சுருதி எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். ஒலி தொடங்கும் கணத்தை வைத்துத்தான் காது திசையைப் பிடிக்கிறது. முதலில் வந்து சேரும் அலைக்கு அது முன்னுரிமை தரும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். தொடக்கமே இல்லாமல் ஊர்ந்து வரும் கூவலுக்குத் திசை மங்கிவிடும். ஆகவே திசை தெரிய வேண்டுமென்றால் ஒலியைத் துண்டாடுங்கள்: கடிவாளம் சடாரென்று விடுவிக்கட்டும், அல்லது கிளிக், தட்டல் போன்ற சிறு ஒலிகளைச் சுற்றுக்குள் போடுங்கள்.

இழப்புபோலத் தெரியும் இதில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. நீண்ட சுருதி அறையில் நிலை அலைகளை உண்டாக்கும். 1,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 34 செ.மீ., சத்தமான இடத்துக்கும் அடங்கிய இடத்துக்கும் நடுவே 8.5 செ.மீ. மட்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே ஒலி மாறும். நீங்கள் எதையும் நகர்த்த வேண்டாம், கேட்பவர் நடப்பார்.

ஒத்திகையில் அருமையாக இருந்தது, திறப்பு நாளில் ஆட்கள் வந்ததும் அமைதியாகிவிட்டது. ஏன்?

உடலும் உடையும் ஒலியைக் குடிக்கும், முக்கியமாக நடு, உயர் சுருதிகளை. முப்பது பேர் நிற்கும் அறை வேறு அறை. எல்லைக்கு ஒட்டி நிறுத்திய சுற்று, அந்த உறிஞ்சலில் எல்லைக்குக் கீழே போய்விடும். எனக்கும் நடந்திருக்கிறது. அன்று ஆட்கள் கலைந்து நாலைந்து பேர் மட்டும் நின்றபோது ஒலி தானாக எழுந்து வந்தது, அவர்கள் அசையாமல் நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே நேரத்தில் ஆறு பேர் மட்டும் உள்ளே வரலாம் என்று படைப்பிலேயே எழுதிவிட்டேன். கூட்டத்தை அனுமதிக்கத்தான் வேண்டும் என்றால், கெயினைக் கூட்டிவைத்துக் கடிவாளத்தை இறுக்குங்கள். ஒலி கொஞ்சம் முரடாகும், ஆனால் சாகாது.

காலையில் ஒரு சுருதி, மாலையில் வேறு. கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 5 டிகிரிக்கு அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவே சுருதி நகரும், ஆனால் அந்தச் சின்ன நகர்வே ஒலியை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவ வைக்கலாம். ஏசி ஓடும் சத்தம்கூட எந்தச் சுருதி முதலில் முளைக்கும் என்பதை மாற்றும். விட்டுவிடுங்கள், அறை நாளைச் சொல்கிறது.

ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தகரம், கண்ணாடி, மரப்பலகை பயன்படுத்தலாமா?

தாராளமாக. பொருளின் மேல் ஒட்டும் டிரான்ஸ்டியூசர்கள் இருக்கின்றன, பொருளே ஸ்பீக்கராகிவிடும். டேவிட் டியூடரின் ரெயின்ஃபாரஸ்ட் 1973 வடிவத்தில் பொருள்களைத் தொங்கவிட்டு இப்படித்தான் ஒலிக்க வைத்தார்கள், அவற்றின் அதிர்வை ஒட்டு மைக்கால் எடுத்துச் சாதாரண ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பினார்கள். பொருளின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பீசோ வட்டை அதே தகரத்தில் ஒட்டி, டிரான்ஸ்டியூசரோடு சுற்றாக மூடினால், அறையின் பங்கு குறைந்து தகரத்தின் சொந்த அதிர்வுகள் பாடும். பீசோவை நேராக மிக்ஸரில் செருகினால் அடிக்கனம் இல்லாமல் தகரடப்பா சத்தம்தான் வரும். 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்மறுப்பு உள்ள ப்ரீஆம்ப் வழியாக எடுங்கள்.

எல்லாவற்றின் அடியிலும் உர்ர் என்று ஓர் இரைச்சல்.

கருவிகள் வெவ்வேறு பிளக் புள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதால் வரும் எர்த் சிக்கலாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள், பேலன்ஸ்டு கேபிள் (வெளி இரைச்சல் ஏறாதபடி அமைந்த ஆடியோ கேபிள்) போடுங்கள், மின்கம்பியும் ஆடியோ கேபிளும் ஒட்டி ஓட வேண்டாம். எர்த் பின்னைப் பிடுங்கிச் சரிசெய்யும் வேலை மட்டும் வேண்டாம், உயிர் போகும். ஃபீட்பேக்கில் இந்த இரைச்சல் கூடுதல் தொல்லை: சுற்று அதையே விதையாக எடுத்து வளர்த்துவிடும்.

நிறுவலைப் பதிவு செய்ய முடியவில்லை. எதில் கேட்டாலும் உயிரில்லை.

நாலு சேனலையும் மிக்ஸரிலிருந்து தனித்தனியாகப் பதிவு செய்தால் சிக்னல் வரும், அறை வராது. நான் செய்வது: காதருகே இரண்டு சின்ன மைக் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் மெல்ல நடக்கிறேன். நிலை அலைகளைக் கடந்துபோவது அதில் பதிவாகிறது. ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அறையில் பாதியாவது போய்ச் சேரும். அதோடு மைக் உயரம், கோணம், தூரம், பஃபர், கடிவாளத்தின் நேரங்கள் எல்லாவற்றையும் அளந்து எழுதிவையுங்கள். அந்தத் தாள்தான் உண்மையான பதிவு. அதை வைத்து வேறு அறையில் திரும்பச் செய்யலாம்.

ஒரு மாதம், தினமும் எட்டு மணி நேரம், நான் பக்கத்தில் இல்லாமல் ஓட வேண்டும். என்ன செய்ய?

மென்பொருளில் உள்ள லிமிட்டரை மட்டும் நம்பாதீர்கள், கணினி உறைந்தால் அதுவும் உறையும். ஸ்பீக்கருக்கு முன்னால் தனிக் கருவியாக ஒரு லிமிட்டர் இருக்கட்டும். ஆம்ப்பின் வால்யூமை வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் திறக்காமல், குமிழை நகராதபடி டேப் ஒட்டுங்கள். மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழுந்து நிரலைத் திறந்து, கெயினைப் பூஜ்ஜியத்திலிருந்து ஒரு நிமிடத்தில் ஏற்றும்படி அமையுங்கள். ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல். இல்லாவிட்டால் தடால் என்ற அடி ஸ்பீக்கரில் விழும். மைக் நிற்கும் இடத்தைத் தரையில் டேப்பால் குறியுங்கள், துப்புரவு செய்பவர்கள் நகர்த்தினாலும் திரும்ப வைக்கலாம்.

அறையில் நாள் முழுக்க உட்காரப்போகும் காவலரிடம் முதல் நாளே பேசுங்கள். அந்த ஒலியோடு உங்களைவிட அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான். அணைக்கும் ஸ்விட்ச் எங்கே என்று காட்டுங்கள், தலை வலித்தால் அணைக்கலாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது நாள் போய்க் கேட்டால், எந்த மூலையில் எந்த நேரத்தில் என்ன சுருதி எழும்புகிறது என்று அவரே சொல்வார். மைக்கை எங்கே நகர்த்தலாம் என்று எனக்குக் கிடைத்த நல்ல யோசனைகளில் இரண்டு அப்படி வந்தவை.